மக்காச்சோளத்துக்கு எத்தனை மூட்டை?

2025 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத் தலைநகரான டி மொய்னிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஓர் அறிவிப்பு வந்தது. வீட்டு முற்றத்துப் புல்தரைக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. அந்தப் பகுதியின் வரலாற்றில் அப்படியொரு தடை அதுதான் முதல்முறை. ஆறுகளில் தண்ணீர் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த நைட்ரேட்தான் சிக்கல். குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் நைட்ரஜன் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். நகரத்துக்குத் தண்ணீர் தரும் ரக்கூன், டி மொய்ன் ஆறுகள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கும் நிலையம் இரவு பகலாக ஓடியும், ஏறக்குறைய ஆறு லட்சம் பேரின் தேவைக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. தண்ணீர்ச் செலவு குறைந்தால்தான் குழாயில் வருவது வரம்புக்குள் நிற்கும் என்ற நிலை.

அந்த நைட்ரேட்டின் பெரும்பகுதி ஆற்றின் மேற்புறத்து வயல்களிலிருந்து வடிந்து வருவது. ஐயோவாவில் ஆண்டுதோறும் சுமார் 1.3 கோடி ஏக்கரில் மக்காச்சோளம் நிற்கிறது. தமிழ்நாட்டின் மொத்த நிகர சாகுபடிப் பரப்பையே அந்த மாநிலம் ஒரே ஒரு பயிருக்கு ஒதுக்கியிருக்கிறது என்று சொல்லலாம். அங்குள்ள ஒவ்வொரு விவசாயியும் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்?

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. வேளாண் அறிவியல் நூறாண்டுக்கு மேலாக இதை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறது, இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அறிவியலின் குறைபாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. உரம் போடும் நாளில் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களில் பாதி அன்றைக்கு இன்னும் நடந்தே இருக்காது. பின்னால் பெய்யப்போகும் மழை, மண் தானாக விடுவிக்கப்போகும் சத்து, அறுவடை நேரத்துச் சந்தை விலை எல்லாம் வரவிருப்பவை.

பயிரின் சுபாவமும் ஒரு காரணம். நெல்லுக்குத் தழைச்சத்து மிஞ்சினால் வயலே காட்டிக்கொடுத்துவிடும். கரும்பச்சையாகக் கொழுத்து வளரும், இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், கடைசியில் காற்றுக்குச் சாய்ந்து படுக்கும். மக்காச்சோளம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பற்றாக்குறை வந்தால் மட்டும் தெளிவாகச் சொல்லும். அடியிலைகளின் நுனியில் தொடங்கும் மஞ்சள், நடுநரம்பை ஒட்டி ஆப்பு வடிவத்தில் உள்நோக்கி ஏறும். ஓரம் மட்டும் கருகினால் அது சாம்பல்சத்துக் குறைவு. நடுநரம்போடு மஞ்சள் ஓடினால் தழைச்சத்துக் குறைவு. தேவைக்கு மேல் கொடுத்தாலோ இலை ஓரளவுக்கு மேல் பச்சை கூடாது, செடி அதிகமாக உயராது, கதிரும் பெருக்காது. பத்து கிலோ வீணாகியிருக்கிறதா, நாற்பது கிலோ வீணாகியிருக்கிறதா என்பது வரப்பில் நின்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. குறைவு கண்ணுக்குத் தெரிகிறது, மிகை தெரிவதில்லை. அதனால் கை தாராளமாகிறது.

கணக்குப் போட்டு உரமிட முதலில் பரவலாகக் கைக்கு வந்தது ஓர் எளிய சூத்திரம். அமெரிக்க வேளாண் துறையின் மண்ணியலாளர் ஜார்ஜ் ஸ்டான்ஃபோர்டு 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதற்கு அடிப்படையாக அமைந்தது. எதிர்பார்க்கும் மகசூலைப் புஷலில் எழுது, ஒரு புஷலுக்கு 1.2 பவுண்டு வீதம் பெருக்கு, முந்தைய பயிரும் தொழுஉரமும் தந்திருப்பதைக் கழி. ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ. நம் கணக்கில் சொன்னால் ஒரு டன் மகசூலுக்கு 21 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 200 புஷல், அதாவது 5 டன் எதிர்பார்ப்பவர் 109 கிலோ போட வேண்டும். நிறைய விளைய வேண்டுமானால் நிறையப் போடு என்பது யாருக்கும் புரியும் நியாயம். அமெரிக்காவின் மக்காச்சோள மாநிலங்கள் பலவற்றில் முப்பது ஆண்டுகள் இதுதான் வேதவாக்காக இருந்தது.

ஆனால் வயல்வெளிச் சோதனைகள் சேரச் சேர இந்த நியாயம் ஆட்டம் கண்டது. ஒரே வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு உரமே இல்லாமல், அடுத்ததற்குக் கொஞ்சம், அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போய், எந்த அளவில் மகசூல் ஏறுவது நிற்கிறது என்று பார்ப்பது இந்தச் சோதனை. நூற்றுக்கணக்கான வயல்களில் இப்படிப் பார்த்தபோது, அதிகம் விளைந்த வயலுக்கு அதிக உரம் தேவைப்பட்டிருக்கவில்லை. அமோகமாக விளைந்த சில வயல்களுக்குக் குறைந்த உரமே போதுமானதாக இருந்தது. சுமாராக விளைந்த சில வயல்கள் நிறையக் கேட்டன. மகசூலுக்கும் உரத் தேவைக்கும் நேரான உறவு எதையும் காண முடியவில்லை.

காரணம் மண்ணுக்குள் இருந்தது. ஒரு ஏக்கரில் மேலுள்ள ஆறு அங்குல மண்ணின் எடை ஏறக்குறைய ஒன்பது லட்சம் கிலோ. அதில் ஒரு சதவீதம் மட்கு என்றால் 9,000 கிலோ. மட்கின் எடையில் இருபதில் ஒரு பங்கு தழைச்சத்து. ஆக 450 கிலோ. இந்தச் சேமிப்பில் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்தை நுண்ணுயிர்கள் உடைத்துப் பயிருக்குக் கொடுத்தால் 9 கிலோ கிடைக்கும். இது மட்கின் ஒவ்வொரு சதவீதத்துக்குமான கணக்கு. ஐயோவாவின் கறுத்த மண்ணில் நான்கு சதவீத மட்கு சாதாரணம். உரமே போடாவிட்டாலும் அந்த நிலம் ஆண்டுக்கு 36 கிலோ தரும். நம் ஊர் யூரியா மூட்டையில் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால்.

நல்ல மழையும் இதமான வெப்பமும் கிடைத்த ஆண்டில் மக்காச்சோளம் செழிக்கிறது. அதே மழையும் வெப்பமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களையும் சுறுசுறுப்பாக்குகின்றன. பயிர் கூடுதலாகக் கேட்கும் ஆண்டில் மண்ணும் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறது. மகசூல் இலக்கை வைத்து உரத்தைக் கணக்கிட்டவர்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். உரமிட்ட வயலில்கூட, அறுவடை நேரத்தில் செடிக்குள் இருக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ மண்ணிலிருந்து வந்ததாகவே இருக்கும். இதைக் குறியிட்ட நைட்ரஜன் அணுக்களைப் பின்தொடர்ந்து கண்டறிந்திருக்கிறார்கள்.

முந்தைய பயிர் எது என்பதும் பெரிய விஷயம். ஐயோவாவில் ஓராண்டு சோயா, மறு ஆண்டு மக்காச்சோளம் என்று மாற்றி மாற்றி விதைப்பது வழக்கம். சோயாவுக்குப் பின் வரும் மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து குறைவாகப் போதும். சோயா பருப்புவகைச் செடி, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் விட்டுப்போகிறது, அதனால்தான் இந்த மிச்சம் என்று பலரும் விளக்குவார்கள். அது முழு உண்மையில்லை. சோயா தான் பிடித்ததில் பெரும்பகுதியை விதைக்குள் ஏற்றி, அறுவடையோடு வெளியே அனுப்பிவிடுகிறது. வித்தியாசம் மிச்சக் கழிவில்தான் இருக்கிறது. மக்காச்சோளத் தட்டை கரி மிகுந்த, சத்து குறைந்த பொருள். அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அடுத்த பயிர் அவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. சோயாவின் சருகு குறைவு, சீக்கிரம் மட்கிவிடும். எனவே போட்டியும் குறைவு.

இவ்வளவும் தெரிந்தபின் ஐயோவா, இல்லினாய், மின்னசோட்டா, விஸ்கான்சின் உள்ளிட்ட மாநிலங்களின் பல்கலைக்கழக மண்ணியலாளர்கள் ஒன்றுசேர்ந்து பழைய சூத்திரத்தைக் கைவிட்டார்கள். ஐயோவாவின் ஜான் சாயரும் இல்லினாயின் எமர்சன் நாஃப்சிகரும் அதில் முன்னின்றவர்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டி, ‘எவ்வளவு விளைய வேண்டும்?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டது. கடைசியாகப் போடும் ஒரு பவுண்டு உரம், தன் விலைக்காவது விளைச்சலைக் கூட்டித் தருகிறதா?

முதல் இருபது கிலோ உரம் விளைச்சலைத் தூக்கி நிறுத்தும். அடுத்த இருபது அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கூட்டும். அதற்கடுத்தது இன்னும் குறைவு. ஏதோ ஓர் இடத்தில், போடும் உரத்தின் விலையும் அதனால் கூடுதலாகக் கிடைக்கும் தானியத்தின் விலையும் சமமாகின்றன. அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் மகசூல் ஒரு துளி ஏறலாம், லாபம் இறங்கும். ஒரு பவுண்டு தழைச்சத்து 40 சென்ட், ஒரு புஷல் மக்காச்சோளம் 4 டாலர் என்றால் விகிதம் பத்தில் ஒன்று. இந்த விகிதத்தில், சோயாவுக்குப் பின் வரும் மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 63 கிலோவை ஒட்டியும், மக்காச்சோளத்தின் மேல் மக்காச்சோளம் விதைத்தால் 86 கிலோவை ஒட்டியும் போதும் என்பது ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் சொல்லிவந்த அளவு. பழைய சூத்திரத்தின் 109 கிலோவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விலை எகிறினால்? 2020இல் ஒரு டன் அம்மோனியா 500 டாலரை ஒட்டி விற்றது. 2022 வசந்தத்தில், உக்ரைன் போர் தொடங்கியிருந்த சமயம், 1,500 டாலரைத் தாண்டியது. அரண்டுபோன பலரும் உரத்தைப் பாதியாக வெட்டிவிடலாமா என்று யோசித்த நேரம் அது. ஆனால் மக்காச்சோள விலையும் ஏழு டாலர் பக்கம் ஏறியிருந்தது. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் விகிதம் 0.13 அளவில்தான் நின்றது. கொஞ்சம் குறைக்கலாம், பாதியாக வெட்டத் தேவையில்லை என்பதுதான் கணக்கு சொன்ன பதில். விகிதத்தைப் பார்க்கும் பழக்கம் ஒரு விவசாயிக்கு எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு அந்த ஆண்டு நல்ல சாட்சி.

இந்த வழிகாட்டியில் இன்னொரு அருமையான செய்தி உண்டு. லாபக் கோடு உச்சியை நெருங்கும் இடத்தில் ஏறக்குறைய தட்டையாகிவிடுகிறது. சரியான அளவிலிருந்து ஏக்கருக்கு ஆறேழு கிலோ கூடினாலும் குறைந்தாலும், சராசரி லாபத்தில் வரும் வித்தியாசம் ஒரு டாலர்தான். துல்லியமான எண் தெரியவில்லையே என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முப்பது நாற்பது கிலோவை மேலே கொட்டுவதுதான் தவறு.

கொட்டுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உரம் போதாமல் போனால் நஷ்டம் முழுதும் அந்த விவசாயியின் தலையில். சாலையில் போகும் எல்லோர் கண்ணிலும் படும்படி வயல் மஞ்சளாக நிற்கும். உரம் மிஞ்சினால் அவருக்குக் கூடுதல் உரத்தின் விலை மட்டும்தான் செலவு. மீதிச் செலவு ஆற்றோடு போய் வேறொருவர் வீட்டுக் குழாயில் இறங்குகிறது. இரண்டு பக்கமும் சமமாக இல்லாத தராசில் கை எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.

எந்த நாளில் போடுவது என்பது அளவோடு பின்னிக் கிடக்கும் விஷயம். ஐயோவாவில் நிறையப் பேர் அறுவடை முடிந்த கையோடு, அடுத்த மே மாதம் விதைக்கப்போகும் பயிருக்கு நவம்பரிலேயே அம்மோனியாவை மண்ணுக்குள் செலுத்திவிடுகிறார்கள். அது 82 சதவீதம் தழைச்சத்து உள்ள வாயு. அழுத்தத் தொட்டியில் அடைத்து இழுத்துவந்து, கொழுக்கள் மண்ணைக் கீறும் வழியே உள்ளே இறக்குகிறார்கள். இலையுதிர் காலத்தில் ஆளும் நேரமும் கிடைக்கும், விலையும் சற்றுக் குறையும், வசந்தத்தின் சேறு இருக்காது. மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனபிறகே போட வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. மண்ணுக்குள் போன அம்மோனியா அம்மோனியமாகிக் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வெப்பம் இருந்தால் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டை மண் பிடித்துவைக்காது. தண்ணீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகும். ஐயோவாவின் தாழ்ந்த நிலங்களில் மூன்று நான்கு அடி ஆழத்தில் வடிகால் குழாய்கள் புதைந்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் அங்கே சதுப்புதான் இருக்கும், பயிர் இருக்காது. நைட்ரேட் ஓடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும் நெடுஞ்சாலையும் அந்தக் குழாய்கள்தான்.

2012இல் கடும் வறட்சி. பயிர் கருகியது, போட்ட உரம் எடுக்க ஆளில்லாமல் மண்ணிலேயே தங்கியது. 2013 வசந்தத்தில் கொட்டோ கொட்டென்று மழை. அந்த மே மாதம் ரக்கூன் ஆற்றில் லிட்டருக்கு 24 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜன் ஓடியது. அனுமதிக்கப்பட்ட அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டி மொய்ன் குடிநீர் நிறுவனம் 2015இல் மேற்புறத்து மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள்மீது வழக்கே போட்டது. 2017இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

நைட்ரேட் ஏன் இவ்வளவு கவலை தருகிறது என்பதற்கான முதல் சான்றும் ஐயோவாவிலிருந்துதான் வந்தது. பிறந்த சில வாரங்களே ஆன குழந்தைகள் நீலம் பாரித்துப்போவதைக் கண்ட ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், பால்மாவு கரைக்கப் பயன்பட்ட கிணற்றுத் தண்ணீரின் நைட்ரேட்தான் காரணம் என்று 1945இல் எழுதினார். அது சிசுவின் உடலில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. ஐயோவாவைத் தாண்டி மிசிசிப்பி வழியே போகும் நைட்ரேட் மெக்சிகோ வளைகுடாவில் பாசியைப் பெருக்குகிறது. பாசி செத்து அழுகும்போது கடலடி நீரின் உயிர்வளி தீர்ந்து, நகர முடியாத உயிர்கள் மடிகின்றன. 2017 கோடையில் அந்த உயிரற்ற பகுதி 22,700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருந்தது. அளக்கத் தொடங்கிய 1985 முதல் அதுவே மிகப் பெரியது.

முன்கூட்டியே தெரியாததை முன்கூட்டியே முடிவுசெய்வானேன், கொஞ்சம் காத்திருந்து பார்ப்போமே என்று யோசித்தவர்களும் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தில் மண்ணியலாளர் ஃபிரெட் மக்டாஃப் 1984இல் தொடங்கிய யோசனையை, ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபிரெட் பிளாக்மர் எண்பதுகளின் கடைசியில் தன் மாநிலத்துக்கு ஏற்பச் செம்மைப்படுத்தினார். மக்காச்சோளம் ஆறு முதல் பன்னிரண்டு அங்குலம் உயரம் வளர்ந்த நிலையில், ஜூன் தொடக்கத்தில், மண் துளைக்கும் குழாயோடு வயலுக்குள் இறங்க வேண்டும். வரிசையை ஒட்டி, வரிசைக்கு நடுவே என்று மாற்றி மாற்றிப் பதினாறுக்குக் குறையாத இடங்களில் ஓரடி ஆழம் குத்தி மண் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வாளியில் கலந்து ஒரு பிடி மட்டும் பையிலிட்டு, குளிரில் வைத்தோ காயவைத்தோ உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். காரில் வெயிலில் கிடந்தால் பைக்குள்ளேயே நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உண்டாக்கி முடிவைப் பொய்யாக்கிவிடும். பத்து லட்சத்தில் 25 பங்கு நைட்ரேட் நைட்ரஜன் இருந்தால் அதற்கு மேல் எதுவும் போடத் தேவையில்லை. குறைந்தால், குறையும் ஒவ்வோர் அலகுக்கும் ஏக்கருக்கு எட்டு பவுண்டு. 13 வந்தால் குறைவது 12. பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு பவுண்டு, அதாவது 44 கிலோ.

இந்தச் சோதனையின் அழகு அதன் நேரத்தில் இருக்கிறது. மக்காச்சோளம் முதல் ஒரு மாதத்தில் மிகச் சொற்பமாகவே தழைச்சத்தை எடுக்கிறது. எட்டு பத்து இலை வந்தபிறகு ஆண் பூ வெளிவரும்வரை வாரி வாரி எடுக்கிறது. மொத்தத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு பெண் கதிரில் பட்டிழை தெரிவதற்குள் செடிக்குள் போய்விடும். அந்த ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு பார்த்துக் கொடுத்தால், வீணாக வழியே இல்லாத அளவுக்குப் பயிரே உறிஞ்சிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவருக்கு மண் எடுத்து, முடிவு வந்து, உரம் போட்டு முடிக்க இரண்டு வாரம்கூடக் கிடைக்காது. நடுவில் மழை பிடித்துக்கொண்டால் டிராக்டர் இறங்காது, செடியும் உயர்ந்துவிடும். நல்ல சோதனை பரவலாகாமல் போனதற்கு இந்தப் பயம் முக்கியமான காரணம்.

பிளாக்மரும் உடன் பணியாற்றியவர்களும் தந்த இன்னொரு சோதனை, பருவம் முடிந்தபின் பாடம் சொல்லித்தருவது. தானியம் முற்றி அடியில் கறுப்புப் படலம் வந்தபின், தரையிலிருந்து ஆறு அங்குலம் விட்டு, அதற்கு மேல் எட்டு அங்குலத் தட்டைத் துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது. மிஞ்சிய தழைச்சத்தை மக்காச்சோளம் தட்டையின் அடிப்பகுதியில் நைட்ரேட்டாகச் சேர்த்துவைக்கிறது. பத்து லட்சத்தில் 700 முதல் 2,000 வரை இருந்தால் அளவு சரி. 2,000ஐத் தாண்டினால், இலை மறைத்துவைத்த மிகை இங்கே பிடிபடுகிறது. அந்த ஆண்டின் பயிருக்கு எதுவும் செய்ய முடியாது. நான்கைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தால் தான் எப்போதும் கூடுதலாகப் போடுகிறவரா என்பது வயல்காரருக்கே விளங்கிவிடும். தட்டையில் நைட்ரேட் சேரும் என்பது மாடு வளர்ப்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. வறட்சியில் வளர்ச்சி நின்ற மக்காச்சோளத் தட்டையைத் தின்ற மாடுகள் நைட்ரேட் நஞ்சால் இறந்ததை 1895லேயே கான்சாஸில் பதிவுசெய்திருக்கிறார்கள்.

சரியான அளவு போட்டால் ஆறு சுத்தமாகிவிடுமா? ஐயோவா அரசும் பல்கலைக்கழகமும் 2013இல் தயாரித்த சத்துக் குறைப்புத் திட்டம் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறது. எல்லோரும் பொருளாதார அளவுக்கு இறங்கினாலும் வயலிலிருந்து வெளியேறும் நைட்ரேட் பத்து சதவீத அளவில்தான் குறையும். அறுவடைக்குப் பின் ரை என்ற தானியத்தை மூடுபயிராக விதைத்தால் 31 சதவீதம் குறையும். மட்கு மிகுந்த மண், ஏப்ரலில் வெயில் ஏறியதும் தானாகவே நைட்ரேட்டை விடுவிக்கத் தொடங்குகிறது. அப்போது வயலில் எடுத்துக்கொள்ள ஒரு வேரும் இல்லை. அளவு முக்கியம்தான், ஆனால் ஆண்டில் ஏழு மாதம் வெற்று நிலமாகக் கிடப்பதும் அதே அளவுக்கு முக்கியமான காரணம்.

கதை இன்னும் முடியவில்லை. பொருத்தமான உர அளவே தொண்ணூறுகளிலிருந்து மெல்ல ஏறிவருகிறது என்று ஐயோவா ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. புதிய ரகங்களும் மழையின் போக்கும் பழைய எண்களைப் பழையதாக்கிவிட்டன. அதனால் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் இப்போது விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே சோதனைத் துண்டுகளை அமைக்கிறது. உரமிடும் இயந்திரத்தில் ஏற்றிய வரைபடப்படி, விவசாயி வழக்கம்போல ஓட்டிக்கொண்டு போகும்போதே துண்டுக்குத் துண்டு அளவு மாறுகிறது. அறுவடை இயந்திரம் விளைச்சலைத் துண்டு வாரியாக எழுதிக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர் பக்கங்களில் மக்காச்சோளம் முக்கியப் பணப்பயிர். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவை அதன் பின்னால் நிற்கிறது. பாசன வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 100 கிலோ. யூரியாவாக மட்டும் போட்டால் ஐந்து மூட்டைக்குச் சற்றுக் குறைவு. சராசரி மகசூல் ஐயோவாவைவிடக் குறைவாக இருக்கும்போது, உரம் மட்டும் ஏன் அங்குள்ளதைவிட அதிகம்? நம் மண்ணில் பெரும்பாலான இடங்களில், மட்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் அரை சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம். ஐயோவாவில் மண் போடும் பங்கை இங்கே மூட்டை போட வேண்டியிருக்கிறது.

விலையிலும் ஒரு பெரிய வேறுபாடு. 45 கிலோ யூரியா மூட்டை ₹266.50, அதில் 20.7 கிலோ தழைச்சத்து. கிலோவுக்கு ₹13 கூட ஆகவில்லை. 2025–26இல் மக்காச்சோளத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ₹2,400, கிலோ ₹24. ஒரு கிலோ தழைச்சத்து தன் விலையை மீட்க அரைக் கிலோ மக்காச்சோளம் விளைந்தால் போதும். மேலே சொன்ன அமெரிக்க விலையில் அதற்கு ஐந்தரைக் கிலோ விளைய வேண்டும். பத்து மடங்கு வித்தியாசம். அங்கே விலை ஒரு கட்டத்தில் கையைப் பிடித்து நிறுத்துகிறது. இங்கே மானியம் தரும் மலிவில் அந்தப் பிடிப்பு இல்லை. கணக்குப்படி பார்த்தாலே இன்னொரு மூட்டை போடுவது நஷ்டமாகத் தோன்றாது. அதனால் மிகையைத் தடுக்கும் வேலையை விலையிடம் விட முடியாது. மண்ணையும் இலையையும் பார்க்கும் கண்தான் செய்ய வேண்டும்.

அதற்கான கருவி இந்தியாவில் புதிதல்ல. மண்ணியலாளர் பி. ராமமூர்த்தி 1967இல் கோதுமையை வைத்து உருவாக்கிய முறை, மகசூல் இலக்கையும் மண் பரிசோதனை முடிவையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்தது. மண் தரும் பங்கைக் கழித்துவிட்டுத்தான் மீதியை உரமாகச் சொல்லும். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதே வழியில் தமிழ்நாட்டு மண்வகைகளுக்கும் பயிர்களுக்கும் சமன்பாடுகள் உருவாகியிருக்கின்றன. மண் பரிசோதனை அட்டையைக் கையில் வைத்திருப்பவர், பொதுப் பரிந்துரையை அப்படியே போடாமல் வேளாண் அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கலாம்.

பல்கலைக்கழகப் பரிந்துரையே தழைச்சத்தைக் கால் பங்கு அடியுரமாகவும், பாதியை 25ஆம் நாளிலும், கடைசிக் கால் பங்கை 45ஆம் நாளிலும் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது. அந்த 25ஆம் நாள் மேலுரத்தைச் செடியின் அடியில் இட்டு உடனே மண் அணைத்தால் யூரியா வெயிலில் அம்மோனியா வாயுவாகப் பறந்துபோகாது. 45ஆம் நாள்தான் உண்மையில் முடிவெடுக்கும் நாள். வயலின் ஓர் ஓரத்தில் இரண்டு சால் மட்டும் தொடக்கத்திலேயே கூடுதலாக உரம் கொடுத்துவைத்திருந்தால், அன்றைக்கு அதன் இலையையும் மற்ற வயலின் இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நெல்லுக்குக் கொடுக்கும் இலை வண்ண அட்டையைப் போன்ற அட்டைகள் மக்காச்சோளத்துக்கும் உண்டு. இரண்டு இலைகளுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால், கடைசித் தவணையில் ஒரு பகுதியைக் குறைத்துப் பார்க்கலாம். முழு வயலிலும் துணிய வேண்டாம். நான்கு சால் போதும். அறுவடையில் அந்த நான்கு சாலின் கதிரைத் தனியாகப் பறித்து, உதிர்த்து, தராசில் நிறுத்து, பக்கத்து நான்கு சாலோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த பருவத்து முடிவு அந்த நோட்டிலிருந்தே தொடங்கும்.